என் மகள் எஸ்தரின் கண்ணுக்காக வழிமாறி வந்த தண்ணீர் லாரி

இதை வாசிக்கிற தேவப்பிள்ளைகள் எல்லாருக்கும் சாராள் அம்மாவின் ஸ்தோத்திரம். முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுத்து கோணலாக வரும். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றைச் சொல்லிவிடுவேன். வயதாகிவிட்டதால் பல விஷயம் மறந்தும் போகிறது. இந்தச் சாட்சியைச் சொல்லச் சபையில் மூன்று முறை எழுந்து நின்றேன். மூன்று முறையும் மைக்கைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. "ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் நம் சபைப் பத்திரிகைக்குப் பேப்பரில் எழுதுகிறேன். பேப்பர் என்னைத் திரும்பிப் பார்க்காது.

என் ஒரே மகள் எஸ்தருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது என்று நான் நினைத்த நாளைப் பற்றி எழுதுகிறேன்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் என்று நினைக்கிறேன். எஸ்தருக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை பாபு நெல் அறுக்கிற மிஷினோடு ஆந்திரா பக்கம் போயிருந்தார். நானும் மகளும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் டிரம் கழுவுகிற ஒரு ஷெட்டில் வேலை செய்தோம். கம்பெனிகளில் ரசாயன மருந்து தீர்ந்துபோன நீல பிளாஸ்டிக் டிரம்கள் அங்கே வரும். மூடியைத் திறந்து, அடியில் மிச்சம் இருப்பதைத் தொட்டியில் கொட்டி, அலசி, கவிழ்த்து வைக்க வேண்டும். காய்ந்த பிறகு வீடுகளுக்குத் தண்ணீர் பிடித்து வைக்க விற்பார்கள். நான் பெருக்குவேன், டீ வாங்கி வருவேன். எஸ்தர் மூடி திறப்பாள். கையுறை கொடுத்திருந்தார்கள். கண்ணுக்குப் போடுகிற கண்ணாடி கொடுக்கவில்லை. கேட்கலாம் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

அங்கே மோட்டார், பைப் வேலை பார்க்கிறவர் கோதண்டன். கவரைப்பேட்டைப் பக்கம் நெல் பயிர் வைக்கிற குடும்பம். முன்பு ஒரு பெரிய கம்பெனியில் வேலை பார்த்தவர். என்னைக் கிண்டல் செய்யாமல் அவருக்குப் பொழுது போகாது. அந்த வருஷம் கரண்ட் தினமும் நின்றுபோகும். அன்றைக்குக் காலையிலும் நின்றுவிட்டது.

"இன்னா சாராம்மா, காலைலயே முணுமுணுன்னுக்கினு கீற. அப்டியே உன் ஏசுகிட்ட சொல்லி மோட்டருக்குக் கரண்ட்டு உட சொல்லேன்" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எஸ்தர் சும்மா இருக்க மாட்டாள். "அவரு உட்டுடுவாருண்ணே. கரண்ட்டு வந்துட்டா நீ வேல செய்யணுமே, பரவால்லியா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அன்று மே தினம். பக்கத்துக் கம்பெனிகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. எங்கள் ஷெட்டுக்கு மட்டும் லீவு இல்லை.

பத்து பத்தரை மணி இருக்கும். வெயிலில் கிடந்த ஒரு டிரம்மை எஸ்தர் உருட்டி வந்து நிமிர்த்தினாள். காலி என்றுதான் எழுதியிருந்தது. சூட்டில் அது உப்பியிருந்தது அவளுக்குத் தெரியவில்லை. ஸ்பேனரை வைத்து மூடியைத் திருகினாள். புஸ்ஸென்று ஒரு சத்தம். உள்ளே இருந்தது பீய்ச்சிக்கொண்டு வந்து அவள் முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் அடித்தது. காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீர். "எம்மா, கண்ணு! கண்ணு!" என்று கத்திக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். முதலில் அது பார்க்க வெறும் தண்ணீர் மாதிரிதான் இருந்தது. அப்புறம் கன்னம் வெளுத்து, சோப்புத் தடவினது போல வழவழவென்று ஆனதைப் பார்த்தேன்.

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும். உபவாச ஜெபத்தன்று எங்கள் பாஸ்டர் ஐயா ஜெபித்துக் கொடுக்கிற எண்ணெய் ஒரு சின்ன பாட்டிலில் எப்போதும் என் இடுப்புச் சுருக்குப் பையில் இருக்கும். தலைவலியா, கால் வீக்கமா, பிள்ளை வீறிட்டு அழுகிறதா, அதுதான் பூசுவேன். அடுப்பில் கை சுட்டுக்கொண்டாலும் அதுதான். தீப்பட்ட இடத்தில் தண்ணீர் ஊற்றினால் கொப்புளம் கட்டும், எண்ணெய் வைத்தால் எரிச்சல் அடங்கும் என்று எங்கள் வீட்டில் சொல்லுவார்கள். நானும் அதை நம்பினேன். ஓடிப்போய் மகளை மடியில் சாய்த்துக்கொண்டு பாட்டிலைத் திறந்தேன்.

"எண்ணெ வெக்காத! சாராம்மா, எண்ணெ வெக்காத!" என்று கோதண்டன் கத்திக்கொண்டு ஓடி வந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று எழுதுவேன்? பிள்ளை துடிக்கிறாள், இந்த நேரத்திலும் என் விசுவாசத்தைக் கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன். சாத்தான்தான் அவன் வாயில் இருந்து தடுக்கிறான் என்றுகூட நினைத்தேன். ஆம்பிள்ளைகள் முன்னால் சத்தமாகப் பேசியே பழக்கம் இல்லாத நான், "போடா அந்தாண்ட! உன் பரிகாசத்துக்கு இதுவாடா நேரம்?" என்று கத்தினேன். எண்ணெயை எடுத்து அவளுடைய இடது கண் இமையிலும் கன்னத்திலும் காதுக்குக் கீழேயும் பூசிவிட்டேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இது நெருப்பு இல்ல சாராம்மா, காஸ்டிக்கு. தோலத் தின்னும். நீ மேல எண்ணெ பூசினா அது அடியில குந்திக்கினு தின்னுக்கினே இருக்கும். முன்ன இருந்த கம்பெனில எங்களுக்குக் கிளாஸ் எடுத்தாங்க. தண்ணிதான். தண்ணி மட்டுந்தான். நெறைய ஊத்தணும்" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் அவர் கிண்டல் செய்யவில்லை என்று எனக்குப் புரிந்தது.

குழாயைத் திறந்தார்கள். காற்றுதான் வந்தது. கரண்ட் இல்லை, மோட்டார் இல்லை, மேலே இருக்கிற டேங்க்கும் காலி. கழுவுகிற தொட்டியில் தண்ணீர் இருந்தது. ஆனால் எத்தனையோ டிரம்மின் மருந்து கலந்த தண்ணீர் அது, கிட்டேயே போகாதே என்று கோதண்டன் சொல்லிவிட்டார். குடிக்கிற தண்ணீர் கேன் ஒன்று பாதி இருந்தது. அவர் எஸ்தரின் இமைகளை விரலால் பிரித்துப் பிடித்துக்கொண்டு அதை ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் அதுவும் தீர்ந்தது. அவர் செல்போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். இலவச ஆம்புலன்ஸ் எங்கள் பக்கம் ஓட ஆரம்பித்த புதிது அது. வர நேரம் ஆகும் என்றார்கள். எஸ்தர் கையைப் பிசைந்துகொண்டு, "எம்மா, ஒன்னுமே தெரியலம்மா" என்றாள்.

எனக்குக் கண்ணீரோடு ஜெபிக்கத் தெரியும். பாஸ்டர் அம்மாவைப் போல நீளமாக ஜெபிக்கத் தெரியாது என்றாலும் அரைமணி நேரம் முழங்காலில் இருப்பேன். அன்று அதெல்லாம் வரவில்லை. காலிக் கேனைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆண்டவரே, தண்ணி" என்றேன். அவ்வளவுதான். அதைவிடச் சின்ன ஜெபம் என் வாழ்நாளில் நான் செய்ததில்லை.

பின்பக்கச் சந்தில் லாரி வருகிற சத்தம் கேட்டது.

பிரியமானவர்களே, அந்தச் சந்தில் லாரி வராது. லாரி உரசிக்கொண்டு நுழைகிற அகலம்தான் இருக்கும். நான் ஓடினேன். பஸ்ஸில்கூட எல்லாரும் ஏறின பிறகு கடைசியாக ஏறுகிறவள் நான். அன்று நடுச் சந்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். லாரி என் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. அது தண்ணீர் லாரி. பின்னால் இருக்கிற டேங்க்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏ கெழவி! சாவுறதுக்கு என் வண்டிதான் ஆப்டுச்சா?" என்று டிரைவர் தலையை நீட்டிக் கத்தினார்.

ஷெட்டைக் கையால் காட்டினேன். அப்போது எஸ்தர் அலறின சத்தம் அவருக்கும் கேட்டது. உடனே அவர் ரிவர்ஸில் வண்டியை உள்ளே விட்டு, டியூபை எடுத்து வால்வைத் திறந்தார். அவர் பெயர் காதர் பாய், பழவேற்காட்டுக்காரர் என்று பிறகுதான் தெரிந்தது. பெரிய ரோட்டில் பைப் போடப் பள்ளம் தோண்டியிருந்ததால் எங்கள் சந்தில் திரும்பியிருக்கிறார். அதற்கு முன்னால் அந்த வழியில் அவர் வந்ததே இல்லையாம்.

தண்ணீர் வந்தது. மே மாத வெயிலில் அவ்வளவு தண்ணீர். கோதண்டன், "பொடவ, ஜாக்கெட்டு எல்லாத்தையும் எடுத்துடு. துணியில மருந்து ஊறிக்கினு கீது" என்றார்.

"ஆம்பளைங்க இருக்காங்கப்பா" என்றேன். அந்த நிலைமையிலும் எனக்கு அதுதான் வாயில் வந்தது. பெரிய கம்பெனிகளில் இதற்கென்று தனி அறை இருக்கிறதாம். எங்கள் ஷெட்டில் எஸ்தரையும் என்னையும் விட்டால் எல்லாரும் ஆண்கள்.

"மானம் அப்பால, மொதல்ல தோலு. நாங்க திரும்பிக்கிறோம்" என்றார். காதர் பாய் லாரியிலிருந்து படுதாவை உருவி வந்தார். நாலு ஆண்கள் அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். யாரும் திரும்பவில்லை. உள்ளே நான் என் பிள்ளையின் துணியை எடுத்துவிட்டு, இமையைப் பிரித்துப் பிடித்து, டியூபில் வருகிற தண்ணீரைக் கையில் மெதுவாக்கிக் கண்ணில் விட்டேன். பிறகு கழுத்தில். பிறகு மார்பில். மறுபடியும் கண்ணில்.

"போதும்மா, குளுருது, எரியுது, உட்டுடும்மா" என்று எஸ்தர் அழுதாள். அவள் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. என் மனது தாங்காமல் டியூபைக் கீழே போட்டேன்.

தண்ணீர் சத்தம் மாறினது கோதண்டனுக்குக் கேட்டுவிட்டது. "நிறுத்தாத! நிறுத்துன, நான் திரும்பிடுவேன்!" என்று படுதாவுக்கு அந்தப் பக்கம் இருந்து மிரட்டினார்.

எஸ்தர் பயந்துபோய், "ஊத்தும்மா, ஊத்தும்மா" என்றாள். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. மறுபடி ஊற்றினேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த பாட்டையெல்லாம் பாடி முடித்து, திரும்பவும் முதல் பாட்டிலிருந்து பாடினேன்.

ஆம்புலன்ஸில் வந்த தம்பி முதலில் கேட்டது, "எவ்ளோ நேரமா தண்ணி ஊத்துறீங்க?" என்பதுதான். காதர் பாய், "பாதி லாரி" என்றார். அந்தத் தம்பி எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்து, "அதான் சரியான வேல" என்றார். சுத்தமான வெள்ளைத் துணியைச் சுற்றி வண்டியில் ஏற்றினார். வண்டியிலும் நிறுத்தவில்லை. மேலே பாட்டிலைத் தொங்கவிட்டு, டியூப் வழியாகக் கண்ணில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தார். முதலில் பொன்னேரியில் காட்டினோம். அங்கிருந்து சென்னைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே நர்ஸம்மா ஒருவர் பேப்பரில் எழுதிக்கொண்டே என்னிடம் கேட்டார். "தண்ணியைத் தவிர வேற ஏதாவது போட்டீங்களாம்மா? மஞ்சள், இங்க், பேஸ்ட்டு?"

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

தேவப்பிள்ளைகளே, அது பொய். மஞ்சள் போடவில்லை, இங்க் போடவில்லை, அதனால் இல்லை என்றேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜெப எண்ணெய் என்று சொன்னால் எங்கள் சபையைச் சிரிப்பார்கள் என்று பயந்தேன். நான் படிக்காதவள் என்று திட்டுவார்கள் என்றும் பயந்தேன். இரண்டில் எது பெரிய பயம் என்று ஆண்டவருக்குத் தெரியும்.

டாக்டர் சின்னதாக ஒரு காகிதத் துண்டைக் கண்ணோரத்தில் வைத்து வைத்துப் பார்த்தார். மருந்து இன்னும் இருந்தால் அதன் நிறம் மாறுமாம். கழுவுவார், காகிதம் வைப்பார், திரும்பக் கழுவுவார். கொஞ்ச நேரத்தில் வலது கண்ணில் நிறம் மாறுவது நின்றுவிட்டது. இடது கண்ணில் நிற்கவில்லை. "ரைட் ஐ ஓகே. லெஃப்ட் மட்டும் ஏன் இப்படி?" என்று நர்ஸிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

வெளியே வந்து சுவர் ஓரமாக முழங்காலில் நின்றேன். ஜெபம் வரவில்லை. காலையில் இரண்டு வார்த்தையாவது வந்தது. இப்போது அதுவும் இல்லை. ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று நினைத்தேன். என் வாழ்க்கையிலேயே மிகவும் இருட்டான நேரம் அதுதான். அப்போது எனக்குள்ளே ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அவர் தண்ணீரைக் கொடுத்துவிட்டார். இனிமேல் நான் செய்ய வேண்டியதை அவர் செய்ய மாட்டார். "ஆண்டவரே, என் வாயைத் திறந்து விடும்" என்று மட்டும் கேட்டேன்.

எழுந்து உள்ளே போனேன். "வெளிய இருங்கம்மா" என்றார் நர்ஸம்மா. நான் போகவில்லை. "எண்ணெ போட்டேம்மா. ஜெப எண்ணெ. எடது கண்ணு மேல. நான்தான் போட்டேன். கேட்டப்ப இல்லன்னு சொல்லிட்டேன்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் உடனே எஸ்தரின் இடது இமையை ஒரு குச்சியில் சுருட்டி, அதற்கும் உள்ளே திருப்பிப் பார்த்தார். டிரம்மின் அடியில் இருந்த வெள்ளைக் கசடு ஒரு துணுக்கு எண்ணெயோடு ஒட்டிக்கொண்டு மேல் மடிப்பில் பதுங்கியிருந்தது. பஞ்சால் அதை எடுத்தார். மறுபடி கழுவினார்கள். காகிதம் வைத்தார்கள். நிறம் மாறவில்லை. இன்னொரு தரம் வைத்தார்கள். மாறவில்லை.

நர்ஸம்மா என் தோளில் கைவைத்து உட்கார வைத்தார். "நீங்களாவது வந்து சொன்னீங்க. சில பேரு பேஸ்ட்டை அப்பிட்டு வந்து, மருந்தே வெள்ளையாதான் இருந்துச்சுன்னு சாதிப்பாங்க" என்றார். நான் சேலைத் தலைப்பில் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அது துக்க அழுகை இல்லை. ஒரு பெரிய மூட்டையை யாரோ என் தலையிலிருந்து இறக்கி வைத்தது போல இருந்தது.

மறுநாளோ அதற்கு மறுநாளோ மாப்பிள்ளை பாபு ஆந்திராவிலிருந்து அப்படியே ஓடி வந்தார். குருட்டுப் பெண்டாட்டி வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். கட்டுப் பிரித்தபோது அவர் அவளுக்கு எதிரே நின்று, "யாருன்னு தெரியுதா?" என்று கேட்டார்.

எஸ்தர் வலது கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "தெரியுது. தாடி வெச்சிக்கினு, சட்ட பட்டன மாத்திப் போட்டுக்கினு எவனோ ஒருத்தன் நிக்கிறான். எங்க ஊட்டுக்காரரு பாக்க இன்னும் கொஞ்சம் நல்லா இருப்பாரே" என்றாள்.

வார்டே சிரித்தது. பாபு குனிந்து பட்டனைப் பார்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்து அழுதார்.

இடது கண்ணில் பனி மூடினது போல சில மாதம் இருந்தது. சொட்டு மருந்து விட்டுவிட்டு அதுவும் தெளிந்தது. இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோர்க்கிறாள், வீட்டிலேயே துணி தைக்கிறாள். காதுக்குக் கீழே, நான் எண்ணெய் பூசின இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தழும்பு இருக்கிறது. மற்ற இடமெல்லாம் ஆறிவிட்டது. எண்ணெயால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. எஸ்தர் அதைப் பற்றி ஒருநாளும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கோதண்டனிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "டா போட்டுப் பேசிட்டேன், மன்னிச்சிடுப்பா" என்றேன். "மன்னிப்பெல்லாம் வாணாம் சாராம்மா, ஒரு டீ சொல்லு. சக்கர தூக்கலா" என்றார். காதர் பாயையும் தேடிப்போய்ப் பார்த்தேன். அந்தத் தண்ணீர் ஒரு கல்யாண வீட்டுக்குப் போகவேண்டியதாம். "அரிசி ஊற வெக்கத் தண்ணி இல்லாம பிரியாணி எறங்க மூணு மணி ஆச்சும்மா. பொண்ணு ஊட்டுக்காரங்க இன்னும் எங்கிட்ட பேசறதில்ல. ஒரே பேஜாரு. கண்ணு நல்லா தெரியுதுன்னீங்களே, அத போய்ச் சொன்னா பேசினாலும் பேசுவாங்க" என்று சிரித்தார். அவருக்காக நான் தினமும் ஜெபிக்கிறேன்.

எங்கள் பாஸ்டர் ஐயாவிடமும் மறைக்காமல் சொன்னேன். அவர் அடுத்த உபவாச ஜெபத்தில் எண்ணெய் கொடுக்கும்போது, "மருந்து பட்டுட்டா மொதல்ல தண்ணி ஊத்துங்க, ஆஸ்பத்திரிக்குக் கௌம்புங்க. போற வழியில ஜெபம் பண்ணுங்க, கேப்பாரு" என்று எல்லாருக்கும் சொன்னார்.

அதற்குப் பிறகு ஷெட்டில் நல்ல தண்ணீருக்கென்றே இரண்டு டிரம் வைத்தார்கள். கண்ணுக்குப் போடுகிற கண்ணாடியும் வந்தது. நான் வேலையை விடும் வரைக்கும், காலையில் துடைப்பத்தைத் தொடும் முன்னால் அந்த இரண்டு டிரம்மையும் நிரப்பி மூடி வைப்பேன். புதிதாக வருகிற பெண்களிடம் வெட்கப்படாமல் போய்ச் சொல்வேன். சபையில் வராத பேச்சு அங்கே வந்தது.

எனக்கு அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி வேலைக்குப் போகலாம். பயப்படாதீர்கள். கூப்பிடுங்கள், அவர் கேட்கிறார். நீங்கள் நினைத்த வழியில் பதில் வராமல் போகலாம். உங்களைக் கிண்டல் செய்கிறவர் வாயிலிருந்து வரலாம். அதைத் தள்ளிவிடாதீர்கள். என்னைப் போல ஒரு தப்பு செய்துவிட்டால் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகு வருகிற சமாதானத்தை நான் அனுபவித்திருக்கிறேன். அவருக்கே எல்லா மகிமையும்.

கடைசியாகப் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருஷம், மருந்தின் பெயர், எவ்வளவு நேரம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதெல்லாம் நான் சரியாக எழுதியிருக்கிறேனா என்று தெரியவில்லை. சபையில் நர்ஸ் வேலை செய்கிற பிள்ளைகள் யாராவது இருந்தால் ஒருமுறை படித்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். எழுத்துப் பிழையைத் திருத்துங்கள். நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள். நான் எண்ணெய் பூசினதையும், கேட்டபோது இல்லை என்று சொன்னதையும் மட்டும் வெட்ட வேண்டாம்.